நீட்டிய கை

ரகுநந்தன் வீட்டிலிருந்தே தனியாளாக ஒரு செயலி எழுதிக்கொண்டிருந்தான். வேலை முடிந்ததும் அன்றைய பிரதியைப் பென் டிரைவில் ஏற்றி மனைவி சுகந்தியிடம் கொடுத்துவைப்பான். அவள் அதைப் பீரோ சாவியோடு கோத்து இடுப்பில் செருகியிருந்தாள். எழுதியது ஏதாவது கெட்டுப்போனால், "சுகந்தி, நேத்தையதைக் கொடு" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டுவான். அந்தக் கைக்காகவே அவள் அம்மா வீட்டுக்குப் போனால்கூட ராத்தங்கியதில்லை.

போன வாரம், பழைய பிரதிகளைப் பாதுகாக்கிற மென்பொருள் நாலைந்தை அலசிவிட்டு, 'கிட்'டைப் பிடித்துக்கொண்டான். "ஒவ்வொண்ணையும் இதுவே ஞாபகம் வச்சுக்குது. கேட்ட நொடியில எடுத்துக் கொடுக்குது" என்றான். புதுப் பெண்டாட்டியைப் பற்றிப் பேசுகிறவன்போல முகமெல்லாம் சிரிப்பு.

"நான் என்னைக்குங்க கொடுக்காம இருந்தேன்?" என்றாள் சுகந்தி. அவன் காதில் விழவில்லை.

இன்று மறுபடி அந்தக் கை நீண்டது. அடுப்பை அணைத்துவிட்டு, பென் டிரைவைக் கழற்றிக்கொண்டே ஓடிவந்தாள்.

"கொடு, அதை அழிச்சிட்டுக் காருக்குப் பாட்டு ஏத்திக்கலாம்."

சுகந்தி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"அது என்னைக்கோ தொலைஞ்சுபோச்சுங்க."

அவன் முதல்முறையாக நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தான்.