நூறாவது மாடி முடக்கத்தான்

யாரும் விதைக்காமலே அந்த நூறாவது மாடி பால்கனியில் முடக்கத்தான் கொடி படர்ந்திருந்தது. மேகம் உள்ளே நுழையும்போதெல்லாம் அதன் காய்கள் பச்சைப் பலூன்களாக மிதந்தன. மூட்டுவலியால் தானாக எழ முடியாத கணவர் தணிகைவேலுக்கு, செண்பகவல்லி தினமும் அந்த இலையை அரைத்துத் தோசை வார்ப்பாள்.

"ஒரே கசப்பு. இதுல என்ன ஆகப்போகுது?" என்று சலித்துக்கொண்டே சாப்பிடுவார்.

ஒரு காலையில், சுவரேறிக் களை பறிக்கும் இயந்திரம் பால்கனிக்குள் கையை நீட்டியது.

"பதிவில்லாத செடி. அகற்றப்படும்."

செண்பகவல்லி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அதற்குள் தணிகைவேல் கொடியை மறைத்து நின்றிருந்தார்.

"இது களையில்ல, எங்க வீட்டு மருந்து. போ!"

இயந்திரம் தயங்கி, மேகத்துக்குள் இறங்கி மறைந்தது.

"என்னங்க... எப்படி எழுந்தீங்க?"

"யாரு, நானா?" என்றவர், தன் கால்களைக் குனிந்து பார்த்தார்.