எரிச்சல்

"சுவர் என் பக்கம் நகர்ந்து வந்துச்சு. ஏழு நிமிஷம். எழுதிக்கம்மா."

அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த அம்மா, முதல் டோஸுக்கே இப்படித்தான் ஆரம்பித்தார்.

நான் எழுதிக்கொண்டேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. நர்ஸாக எனக்கு அதுதான் முதல் மருந்துச் சோதனை.

தீராத மனச்சோர்வுக்கு ஒரு புது மருந்து. மாத்திரை என்றால் கேட்க வாரக்கணக்காகும். இது மூக்கில் அடித்த சில மணி நேரத்தில் கேட்கும் என்றார்கள். நிஜமாகவே கேட்கிறதா, கெடுதல் ஏதும் செய்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

மாடியறையில் எட்டு சாய்வு நாற்காலிகள். திங்களும் வியாழனும் எட்டுப் பேர் வருவார்கள். மருந்து அடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். அரை மணிக்கொரு தடவை நான் பிரஷர் பார்ப்பேன்.

இப்போது நினைத்தாலும் அந்த அறை இனிக்கிறது. பஸ் டிரைவர் குறட்டை விடுவார். தபால் ஆபீஸ்காரர், "சிஸ்டர், நான் மிதக்கிறேன், கயிறு கட்டிப் பிடிங்க" என்பார். ஜன்னலோர நாற்காலிக்கு ஓட்டமாய் ஓடி வருவார்கள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தவர்கள், மூன்றாம் வாரம் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

எப்படி இருக்கு என்று கேட்டால் ஏழு பேரும், "ஒரு குறையும் இல்லை சிஸ்டர்" என்பார்கள்.

எட்டாவது அந்த அம்மா. நாக்கு கசக்கிறது, காது அடைக்கிறது, தரை பஞ்சு மாதிரி இருக்கிறது. சிரிப்பது மட்டும் கிடையாது.

"முப்பது வருஷம் பிழை தேடின கண்ணு. இங்கேயும் தேடுது," என்றார் டாக்டர்.

"சார், அவங்களுக்குப் போறது உப்புத்தண்ணியா இருக்குமோ?"

"இருக்கலாம். யார் கண்டா?"

உண்மையிலேயே எங்களுக்குத் தெரியாது. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் உப்புத்தண்ணீர் என்பதெல்லாம் முத்திரையிட்ட உறைக்குள் இருந்தது. யாருக்கு எவ்வளவு குணம் என்பதை வேறு ஊரிலிருந்து ஒரு பெண்மணி வாராவாரம் போனில் விசாரித்து மதிப்பெண் போடுவார். எங்களிடம் மூச்சு விட மாட்டார்.

ஆறாவது வாரம் அந்த அம்மா சொன்னார்: "ஒண்ணுக்குப் போனா எரியுது. நாலு நாளா."

என் பேனா நின்றது. எரிச்சல் என்று எழுதினால் பரிசோதனை. அதில் புண் என்று உறுதியானால் அன்றோடு மருந்து நிறுத்தம். முதல் நாளே எல்லோருக்கும் படித்துக் காட்டிய விதி.

"தண்ணி கம்மியாக் குடிச்சிருப்பீங்கம்மா. அடுத்த வாரம் பார்த்துக்கலாமா?"

"குடிச்சுப் பார்த்தாச்சு. நீ எழுது."

உண்மையைச் சொன்னால், எரிச்சல் எனக்குத்தான் வந்தது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

பரிசோதித்ததில் கிருமி எதுவும் இல்லை. சிறுநீர்ப்பை புண்ணாகத் தொடங்கியிருந்தது. டாக்டர் முகம் மாறியது. மற்ற ஏழு பேரையும் அன்றே பரிசோதித்தார்.

நாலு பேருக்கு அதேதான். பஸ் டிரைவருக்கு இரண்டு வாரமாக ரத்தமே போயிருந்தது.

"ஏண்ணே சொல்லல?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா நிறுத்திடுவீங்களே சிஸ்டர். எட்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் என் மக கூட உக்காந்து சாப்பிடுறேன்."

சோதனை அப்படியே நின்றது. அழைத்துப் போக வந்த கணவரின் கையைப் பிடித்தபடி அந்த அம்மா படி இறங்கிப் போனார்.

டாக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். "மருந்துல குணம் கண்டவங்க மறைச்சாங்க. குணம் காணாதவங்களுக்கு என்ன நஷ்டம், தைரியமாச் சொல்லிட்டாங்க."

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

புண்பட்ட எல்லோருக்கும் நல்லவேளையாக நாளடைவில் ஆறிவிட்டது. மருந்தின் அளவைப் பாதியாகக் குறைத்து, மாதாமாதம் சிறுநீர்ப் பரிசோதனை கட்டாயம் என்று விதி சேர்த்து, புது ஆட்களை வைத்துச் சோதனையை மறுபடி தொடங்கினோம். முடிய இரண்டு வருஷம் ஆனது. மருந்து தேறியது.

உறைகளைப் பிரிக்கும் நாளன்று, போனில் மதிப்பெண் போட்ட பெண்மணியும் தன் குறிப்புகளோடு வந்திருந்தார்.

டாக்டர் சும்மா கேட்டார்: "அந்தப் பிழைதிருத்துற அம்மாவுக்குப் போனது மருந்துதான்னு புண்ணே சொல்லிடுச்சு. ஆனா குணம் ஒண்ணும் தெரியலதானே?"

அந்தப் பெண்மணி தாளைப் புரட்டினார். "அப்படி இல்லை சார். அந்த எட்டுப் பேர்ல அதிகமாக் குணமானதே அவங்கதான். முதல் வாரத்துலேயே."

"நிறுத்தின பிறகு?"

"ஒரு மாசம் தாங்குச்சு. அப்புறம் பழையபடி."

டாக்டர் தானே போனை எடுத்தார். "அம்மா, சரியான அளவு தெரிஞ்சுடுச்சு. மறுபடி ஆரம்பிக்கலாம், வர்றீங்களா?"

அந்த அம்மா வந்தார். இந்த முறை ஜன்னலோர நாற்காலியை நானே ஒதுக்கி வைத்தேன்.

அந்த ஆறாவது வாரம், எங்களிடம் வருவதற்கு முந்தின நாள் அவர் போனில் சொன்னதை அந்தப் பெண்மணி வார்த்தை மாறாமல் எழுதி வைத்திருந்தார். உறை பிரித்த அன்றே எனக்குப் படிக்கக் கொடுத்தார்.

'பதினெட்டு வருஷத்துக்கு அப்புறம் இப்பத்தான் காலைல எழுந்திரிக்கவே ஆசையா இருக்கு. நாளைக்கு அங்கே ஒரு விஷயம் சொல்லணும். சொன்னா இது என் கையை விட்டுப் போயிடும். என்ன பண்றது, எனக்குப் பின்னாடி வரிசைல நிக்கிறவங்களுக்கும் உடம்புன்னு ஒண்ணு இருக்குல்ல.'