வெறும் காற்றுக் கூடாரம்

மெஸ் மணி அடித்தும் அவள் சாப்பிடப் போகவில்லை.

பால்நிறப் பிளாஸ்டிக் தாள் போர்த்திய கூடாரம். வெளிக்கம்பத்தில் மாட்டிய மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு கூடாரங்கள். இரண்டிலும் பாசிப்பயறு. ஒன்றுக்குச் சிலிண்டரிலிருந்து கரியமில வாயு. இன்னொன்றுக்கு வெறும் காற்று. வாயு குடித்த செடி எவ்வளவு கூடுதலாக வளர்கிறது என்று காட்டினால் முனைவர் பட்டம்.

வெறும் காற்றுச் செடிகளும் தளதளவென்று வளர்ந்து தொலைத்தன.

வாயு கசிகிறது, நீ என்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாய் என்று பேராசிரியர் கத்தினார். ஒரு பருவ உழைப்பு மண்ணாய்ப் போனது. தன் கையாலேயே எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டாள். பிடுங்கும்போது அழுதாள்.

சேந்தன்தான் தேற்றினான். அதே ஆய்வகம். தை பிறந்தால் அவளுக்குத் தாலி கட்டப் போகிறவன்.

"நீ போய் நிம்மதியா சாப்பிடு. மத்தியானத் தண்ணி எப்பவும் போல நானே ஊத்திக்கிறேன்."

அடடா, என்ன கரிசனம்! தோழிகளெல்லாம் கண் வைத்தார்கள்.

மறுபடி விதைத்தாள். குழாயை மாற்றினாள். வால்வை மாற்றினாள். எங்கும் கசிவு இல்லை.

ஆனாலும் மத்தியானமானால் வெறும் காற்றுக் கூடாரத்தின் வாயு மீட்டர் ஏறியது.

இப்போதும் ஏறிக்கொண்டிருந்தது.

மனிதர் விடும் மூச்சிலும் அதே வாயுதான். ஒருவர் உள்ளே நின்று தண்ணீர் ஊற்றினால் கொஞ்சம் ஏறும். அவளே நின்று பார்த்திருக்கிறாள்.

ஒரு ஆளுக்கு இவ்வளவு ஏறாது.

வாசலில் சேந்தனின் செருப்பு. பக்கத்தில் ஜெசிந்தாவின் செருப்பு.

ஜெசிந்தா விடுதியில் அவளுடைய அறைத்தோழி. டயட் என்று மத்தியானச் சாப்பாட்டை விட்டவள். முகூர்த்தப் புடவையைக்கூட அவள்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள், பாவி.

கதவைத் தள்ளப் போனாள்.

தாளுக்கு அந்தப் பக்கம் சேந்தனின் குரல், தணிந்து.

"கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் அவகிட்ட மூச்சு விட்றாத."

ஜெசிந்தா சிரித்தாள்.

வெளியே நின்றவள் நாலடி தள்ளிப் போய் பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

"சார், கசிவு எங்கேன்னு தெரிஞ்சிடுச்சு. இப்பவே வாங்க. லேப்ல இருக்கிறவங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க."