வராத சத்தம்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் பத்தாம் வகுப்பில் ஒருவரும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் தேயிலையை மூடிவிட்டதால் அறைக்குள் வெளிச்சம் சாம்பல் நிறமாக இருக்கிறது. கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பவர், சிறந்த விஞ்ஞான ஆசிரியர் விருதுக்காகப் பாடத்தைப் பார்க்க வந்திருக்கும் யாழ்ப்பாணத்து நடுவர் இராசரத்தினம். விருதோடு ஆய்வுகூடத்துக்கு நிதியும் வரும். இங்கே ஆய்வுகூடம் என்பது மேசைக்கடியில் இருக்கும் ஒரு மரப்பெட்டி. நிஷாந்தி டீச்சர் சோதனைக் குழாயின் வாயிலிருந்து பெருவிரலை எடுத்து, எரியும் தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோகிறாள். ஐதரசன் வாயு ‘டப்’ என்று வெடிக்க வேண்டும். வெடிக்கவில்லை. குச்சி கருகி அணைகிறது. கூரைத்தகரத்திலிருந்து நீர் சொட்டுவது கேட்கிறது. நடுவர் எதையோ எழுதுகிறார்.

“சத்தம் வரல. ஏன் வரல?” என்று பிள்ளைகளைக் கேட்கிறாள் நிஷாந்தி. டீச்சரைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று எல்லாத் தலைகளும் குனிகின்றன. “நேரம் முடியப்போகுது டீச்சர்,” என்கிறார் நடுவர். “பரவாயில்லங்க சார். பிள்ளைங்க சொல்லட்டும்.” முன்வாங்கிலிருந்து பூரணி தயங்கித் தயங்கி எழும்புகிறாள். “நீங்க முந்தியே விரல எடுத்துட்டீங்க டீச்சர். வாயு வெளிய போயிருச்சி.” நிஷாந்தியின் காதுமடல் சிவக்கிறது. “ஆமா. சார் பாக்குறாங்கன்னு அவசரப்பட்டுட்டேன்,” என்று சொல்லிவிட்டு, வேறொரு குழாயில் அமிலம் ஊற்றி, நாக உலோகத் துண்டைப் போட்டு, பூரணியிடம் நீட்டுகிறாள். பூரணி குழாயின் வாயை விரலால் அழுத்திப் பிடிக்கிறாள். குமிழிகள் பொங்கி ஏறுகின்றன. நிஷாந்தி அடுத்த குச்சியை உரசுகிறாள். எப்போது எழும்பி வந்தாரென்று தெரியவில்லை, நடுவர் பிள்ளைகளுக்கு நடுவே குனிந்து நிற்கிறார். “பொறு பிள்ளை,” என்கிறார் மெதுவாக, “இப்ப எடுக்காதை.”