உடைக்காத பூசணிக்காய்

பரஞ்சோதி சார் எடுத்த ஆறு படங்களிலும் ஏதாவது ஒரு மூலையில் ஒரு பூசணிக்காய் ஒளிந்திருக்கும். கட்டிலுக்கு அடியில், ஊஞ்சலில், ஒருமுறை பிணத்தின் மடியில். ரசிகர்கள் தேடித்தேடி அர்த்தம் எழுதினார்கள். நான் நடித்த, அவரது ஆறாவது படத்தின் கடைசி நாள் படப்பிடிப்பில், வழக்கம்போல் திருஷ்டி சுற்றி உடைப்பதற்காகக் குங்குமம் தடவிய அந்தப் பூசணிக்காயைத் தூக்கினார்கள். அவர் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். “வேணாம்யா. உடைச்சா படம் முடிஞ்சிடும்.”

அவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. இன்று காலை குளித்துவிட்டு வந்தால், என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் அதே பூசணிக்காய், அதே குங்குமம். அதை எடுத்துத் தரையில் அடிக்க ஓங்கினேன். கணவர் காபியை வைத்துவிட்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். உதடு அசையாமல் மெல்லச் சொன்னார்: “கீழ வை யாமினி. உன் அழுகை சீன் இன்னும் பாக்கி இருக்கு.”