மாதிரிக் கையெழுத்து

சென்னையிலிருந்து தணிக்கைக்கு ஆள் வருகிறது என்று தெரிந்ததும், பொன்னுராஜ் முதல் தர ஏலக்காயாகப் பார்த்து எடுத்து வைத்தான். வந்த அதிகாரி செல்வமணி அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

உத்தமபாளையம் பக்கத்து ஊராட்சி அது. தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால், செத்துப்போன அண்ணனின் மனைவி கிருபாவதியைத் தலைவராக்கிவிட்டு, பொன்னுராஜ் துணைத்தலைவர் ஆனான். அவளும் மகள் சினேகாவும் அவன் வீட்டில்தான் இருந்தார்கள். சினேகாவின் காலேஜ் ஃபீஸும் அவன் கையில்தான்.

காசோலைக்கு இருவர் கையெழுத்தும் வேண்டும். பொன்னுராஜ் வாசலில் பைக்கை அணைக்காமலே குரல் கொடுப்பான். செக் அடுப்படிக்குப் போகும். கையெழுத்தோடு திரும்பி வரும்.

ஒரே ஒரு தடவை கிருபாவதி கேட்டாள். "எந்தத் தடுப்பணைக்கு தம்பி இது?"

"கையெழுத்தத்தான கேட்டேன் மதினி. கேள்வியவா கேட்டேன்?"

அதன்பின் அவள் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் ஓடையே இல்லாத இடத்தில் தடுப்பணை எழும்பியது, கணக்கில். குமுளிக்கு மேலே பொன்னுராஜுக்கு ஏலத்தோட்டம் எழும்பியது, நிஜத்தில்.

யாரோ மனுப் போட்டுவிட்டார்கள். செல்வமணி செய்தது தடயவியல் தணிக்கை. கூட்டல் கழித்தலோடு விடாமல், வெயிலில் நடந்துபோய் ஓடையைத் தேடினார்.

பொன்னுராஜ் கலங்கவில்லை.

"தலைவர் அவுக சார். அவுக போட்ட பெறகு நான் கீழ போடுவேன், அம்புட்டுத்தான். பணத்த என்ன செஞ்சாகன்னு அவுகளத்தான் கேக்கணும்."

அம்மாவை ஜெயிலில் போடப்போகிறார்கள் என்று சினேகா அழுதாள். கிருபாவதி முகத்தைக் கழுவிக்கொண்டு விசாரணைக்குப் போனாள்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

காசோலையை உற்றுப் பார்த்தாள். "என் கையெழுத்து இப்படியா சார் இருக்கும்?"

வெள்ளைத்தாளில் பலமுறை போட்டுக் காட்டச் சொன்னார். போட்டாள். பதவி ஏற்றபோது தேர்தல் அதிகாரி முன்னால் போட்டதோடு அச்சு அசலாகப் பொருந்தியது. காசோலைகளில் இருந்ததோ எதிர்ப்பக்கம் சாய்ந்து கிடந்தது. நிபுணரும் அது அவள் கையெழுத்து இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

"சத்தியமா அவுகதான் போட்டாக சார்!" பொன்னுராஜ் அலறினான். "பேங்க்ல குடுத்த மாதிரிக் கையெழுத்தும் அப்படித்தான இருக்கு!"

"அந்த மாதிரிக் கையெழுத்து அட்டையை வீட்டுக்கு வாங்கிட்டுப் போனதே நீங்கதான்னு மேனேஜர் சொல்றார். அவங்க போடும்போது நீங்க பார்த்தீங்களா?"

பார்த்ததில்லை. அவளை ஒரு ஆளாகவே அவன் பார்த்ததில்லை.

கையாடல் வழக்கோடு, போலிக் கையெழுத்து வழக்கும் சேர்ந்தது. போலீஸ் ஜீப்பில் ஏறும்போதும் இரண்டாவதை மட்டும் இல்லை என்று கத்திக்கொண்டே போனான்.

மறுவாரம் கிருபாவதி வங்கிக்குப் போனாள். மேனேஜரே எழுந்து நாற்காலி போட்டார்.

"புது மாதிரிக் கையெழுத்தை என் கண் முன்னாலயே போட்டுருங்கம்மா" என்று பேனாவை நீட்டினார்.

இரண்டு வருடப் பழக்கத்தில் அதை இடது கையில் வாங்கிய கிருபாவதி, சுதாரித்து, வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.