கேஸ் உள்ள மாப்பிள்ளை

“ஆளு எப்படி? மறைக்காமச் சொல்லுங்கண்ணே. பொண்ணு குடுக்கிற விசயம்.”

நாகல் நகர் ஆட்டோ ஸ்டாண்டில் மூத்த டிரைவர் பொம்மையனுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அருளப்பன் மெதுவாகக் கேட்டார். மகள் இசைவாணிக்கு வந்திருக்கும் வரன் ராயப்பராஜ் இதே ஸ்டாண்டில்தான் வண்டி ஓட்டுகிறான். இரண்டு வீட்டுக்கும் பிடித்துவிட்டது. மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கப் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன்னால், பையனுக்குத் தெரியாமல் இந்த விசாரிப்பு.

“தங்கமான பய. பீடி, தண்ணி எதுவும் கெடையாது,” என்றார் பொம்மையன். “என்ன, கேஸ் போட்டதுல இருந்துதான் கொஞ்சம் ஓவராப் பேசுறான்.”

அருளப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். “கேஸா?”

“ஆமா. இந்த ஸ்டாண்டுல மொதக் கேஸு அவனுதுதான். மதுரைக்குப் போயில்ல போட்டுட்டு வந்தான்.”

மதுரை என்றால் ஹைகோர்ட்டேதான். அருளப்பன் குரலைத் தாழ்த்தினார்.

“பயமில்லையா அவனுக்கு?”

“நாங்க அம்புட்டுப் பேரும் பயந்தோம். அவன் அசரலையே. ஊரு நல்லாருக்கணும்னா எல்லாரும் கேஸ் போடணும்கிறான். அவன் பேச்சைக் கேட்டுக் கேட்டு, நானும் ஒண்ணு போடலாமான்னு பாக்குறேன்.”

அருளப்பன் மீதி டீயைக் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், “கேஸுக்காரனுக்குப் பொண்ணு குடுக்க முடியாது,” என்றார் மனைவி இன்னாசியம்மாளிடம்.

“யாரு மேல கேஸாம்?”

“யாரு மேலயா இருந்தா என்ன? ஸ்டாண்டு முழுக்கக் கெடுத்து வச்சிருக்கான்.”

கதவருகே நின்றிருந்த இசைவாணியின் முகம் வாடிப்போனது. பெண் பார்க்க வந்த அன்று அவன் கூச்சத்தில் வெறும் டம்ளரை இரண்டு முறை வாயில் வைத்து உறிஞ்சியதை நினைத்து இப்போதும் அவள் தனியாகச் சிரிப்பதுண்டு.

“அப்பா, அவுககிட்டயே ஒரு வார்த்தை கேட்டுருங்கப்பா,” என்றாள்.

அந்தக் குரலுக்காகவே அருளப்பன் மறுபடி ஸ்டாண்டுக்குப் போனார். மலைக்கோட்டைப் பாறை மாலை வெயிலில் தேன்நிறமாகியிருந்தது. ராயப்பராஜ் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“வாங்க மாமா. சாப்டீங்களா?”

“அது கெடக்கட்டும் தம்பி. உங்ககிட்ட கேஸ் இருக்காமே?”

“ஆமா மாமா.” அவன் முகமெல்லாம் சிரிப்பு. “யாரு சொன்னா?”

இதில் சிரிப்பு வேறா என்று நினைத்துக்கொண்டார் அருளப்பன்.

“ஏன் தம்பி, எங்ககிட்ட மொதல்லயே சொல்லல?”

“நீங்க கேக்கலையே மாமா. பயப்படாதீங்க, எல்லாம் முறைப்படிதான். ஆர்.டி.ஓ.வே பாத்துட்டாரு.”

“ஆர்.டி.ஓ. வரைக்கும் போயிருச்சா?”

“போகாம எப்படி? பேப்பரெல்லாம் சுத்தமா இருக்கு.”

அருளப்பன் பெருமூச்சு விட்டார். மகளின் முகம் நினைவுக்கு வந்தது. இறங்கிப் போய்ப் பார்ப்போம் என்று தோன்றியது.

“சரி, நடந்தது நடந்துபோச்சு. அந்தக் கேஸை எடுத்துருங்க. பொண்ணு தாரேன்.”

ராயப்பராஜின் சிரிப்பு அணைந்தது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

“இசைவாணியை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு மாமா. ஆனா கேஸை எடுக்க முடியாது.”

“பொண்ணை விடக் கேஸு பெருசா?”

“அப்படி இல்ல மாமா. ஒருத்தனாவது ஆரம்பிக்கணும்ல. இப்பத்தான் பொம்மையண்ணனே மனசு மாறியிருக்காரு. இந்த நேரத்துல நான் எடுத்துட்டா, யாரு என்னை நம்புவா?”

“அப்பச் சரி. நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்,” என்று அருளப்பன் திரும்பி நடந்தார்.

ராயப்பராஜ் பின்னாலேயே ஓடிவந்து அவர் கையைப் பிடித்தான். வண்டிக்கு இழுத்துப்போய்ப் பின்பக்க மூடியைத் திறந்து, உள்ளே இருந்த சிலிண்டரைத் தட்டிக் காட்டினான். “நீங்களே பாருங்க மாமா, எம்புட்டுப் பத்திரமா இருக்குன்னு! இதை எடுத்துட்டு மறுபடி பெட்ரோலை ஊத்துனா ஊரெல்லாம் புகை. ஏற்கெனவே வெயிலு வருசா வருசம் ஏறிட்டே போகுது.”

அருளப்பன் சிலிண்டரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்து, “வீட்டுக்கு விடுங்க மாப்ள,” என்றார்.